மீனுக்குள்ள பேட்டரி இருக்கா?

கேள்வி: 2019 ஆகஸ்ட்ல நம்ம சென்னை பீச்ல அலை நீலமா மினுக்குச்சுல்ல, அந்த வீடியோவை என் அஞ்சு வயசுப் பொண்ணுக்கு காட்டினது தப்பா போச்சு. "மீனுக்குள்ள பேட்டரி இருக்காம்மா"ன்னு ஒரு வாரமா உயிரை வாங்குறா. கெமிஸ்ட்ரி எல்லாம் சொன்னா அவளுக்குப் புரியுமா?
- ஒரு வாசகி, அடையாறு

பதில்: கெமிஸ்ட்ரின்னு பேர் சொல்லாம சொன்னா புரியுங்க. கடையில விக்கிற க்ளோ ஸ்டிக் ஒண்ணு வாங்கிக்கோங்க, லைட்டை அணைச்சுட்டு அவ கையாலயே மடக்கச் சொல்லுங்க, உள்ள ரெண்டு தண்ணி கலந்ததும் வெளிச்சம் வரும், தொட்டுப் பாத்தா சுடாது. மீன் உடம்புலயும் கிட்டத்தட்ட இதே கதைதான், லூசிஃபெரின்னு ஒரு பொருள் ஆக்சிஜனோட சேருது, வெளிச்சம் வருது, பேட்டரியும் இல்ல சூடும் இல்ல. குச்சியை வாயில மட்டும் வைக்க விடாதீங்க.

ஆனா சுவத்துல ஒட்டுற ரேடியம் ஸ்டிக்கரை காட்டி விளக்காதீங்க, நிறைய பேர் பண்ற தப்பு அது. ஸ்டிக்கர் நாம போட்ட லைட்டை வாங்கி வெச்சுதான் திருப்பிக் குடுக்குது. ஆழ்கடல்ல வெயிலே எட்டாது, அங்க வெளிச்சத்தை சொந்தமா சமைச்சாதான் உண்டு!

அப்புறம் அன்னைக்கு பீச்ல மினுக்குனது மீனே இல்ல. நாக்டிலூக்கான்னு ஒத்தை செல் உயிரி, அலை உலுக்கினா பளிச்சுங்கும். மீன்தான் வேணும்னு அடம் பிடிச்சா தூண்டில் மீன் கதை சொல்லுங்க, பொம்பளை மீன் தலைக்கு முன்னாடி ஒரு குட்டி விளக்கு தொங்கும், இரை கிட்ட வந்ததும் லபக். அந்த விளக்கு எரியுறது உள்ள குடியிருக்கிற பாக்டீரியாவாலதான்.

இன்னொரு விஷயம், நீங்க மீன் வாங்குற வீடா இருந்தா அடுத்த தடவை காரப்பொடி மீன் வாங்கும்போது அவளையும் கூப்பிட்டுப் போங்க. நாம மொறுமொறுன்னு வறுத்துத் தின்னுற அந்த காரல் மீனுக்கு தொண்டைக்குள்ள, இரைப்பை போற குழாயைச் சுத்தி, வெளிச்சம் போடுற பாக்டீரியா குடியிருக்கு. எத்தனை வருஷமா நம்ம சட்டியில கிடந்த மீன், எனக்கே இது ரொம்ப லேட்டாதான் தெரியும். "அப்ப என் வயித்துலயும் லைட் எரியுமா"ன்னு அடுத்த கேள்வி கண்டிப்பா வரும், பதிலை இப்பவே யோசிச்சு வெச்சுக்கோங்க.