தரை நிலையத்திலிருந்து செயற்கைக்கோள் எப்போது தெரியும், அப்போது சிக்னல் கிடைக்குமா என்று எப்படிக் கணக்கிடுவது?

இது ஒரே கணக்கு அல்ல, இரண்டு. கோள் நம் தொடுவானத்துக்கு மேலே வருகிறதா என்பது முதல் கணக்கு. வந்தாலும் அதன் சிக்னல் நம் ரிசீவரில் டீகோட் ஆகுமா என்பது அடுத்தது. பலர் முதலாவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

முதலாவது எளிது. புதிய டிஎல்இ-யை (கோளின் சுற்றுப்பாதையைச் சொல்லும் இரண்டு வரித் தரவு), நம் நிலையத்தின் இருப்பிடத்தோடு, எஸ்ஜிபி4 என்னும் சுற்றுப்பாதைக் கணிப்பு முறையைப் பயன்படுத்தும் நிரலில் கொடுத்தால் திசைக்கோணம், ஏற்றக்கோணம், தூரம் மூன்றும் நொடிக்கு நொடி கிடைக்கும். பைத்தானில் ஸ்கைஃபீல்டு என்ற லைப்ரரி போதும். டிஎல்இ-யின் நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) இருக்கும், கவனம். அது பழசாகப் பழசாகப் பிழையும் நாளுக்கு ஒன்றிரண்டு கி.மீ. கூடும்; இரண்டு வாரப் பழசை நம்பி ஆன்டெனாவைத் திருப்பாதீர்கள்.

உண்மையான வேலை இரண்டாவதில்தான். 500 கி.மீ. உயரத்தில் சுற்றும் கோள் உச்சிக்கு வரும்போது தூரம் 500 கி.மீ. அதுவே 10 டிகிரி ஏற்றத்தில் இருக்கும்போது சுமார் 1,695 கி.மீ. வழியில் சிக்னல் பலம் குறைவதே பாதை இழப்பு; டெசிபலில் அது: 32.44 + 20 லாக் (தூரம், கி.மீ.) + 20 லாக் (அதிர்வெண், மெகாஹெர்ட்ஸ்). 437 மெகாஹெர்ட்ஸுக்குப் போட்டால் உச்சியில் 139, 10 டிகிரியில் 150. அதாவது நமக்கு வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. அதனால் எப்போதும் தாழ்ந்த கோணத்தில்தான் கணக்குப் போடுவேன்.

கோளில் 1 வாட், அதாவது 0 டெசிபல்வாட். அதன் ஆன்டெனா லாபமும் 0. நம்மிடம் 12 டெசிபல் லாபம் தரும் யாகி ஆன்டெனா. நம் பக்க இரைச்சலின் அளவான இரைச்சல் வெப்பநிலை 500 கெல்வின் என்றால் 27 டெசிபல். போலரைசேஷன் (அலை அதிரும் திசை) பொருந்தாததற்கு 3. வெப்பநிலையை இரைச்சல் சக்தியாக மாற்றும் போல்ட்ஸ்மன் மாறிலியால் வருவது 228.6.

0 − 150 + 12 − 27 − 3 + 228.6 = 60.6

இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு பலமானது என்பதே இது. நொடிக்கு 9,600 பிட் வேகத்துக்கு 40 (10 லாக் 9,600) போனால் 20.6 மிச்சம். எஃப்எஸ்கே-வுக்கு (அதிர்வெண்ணை மாற்றி மாற்றித் தரவு அனுப்பும் முறை) 14 வேண்டும் என்று வைத்தால் கையிருப்பு 6.6 டெசிபல்.

தொடுவானத்திலிருந்து தொடுவானம் வரை எண்ணினால் உச்சி வழியாகப் போகும் பாஸ் (கோள் நம்மை ஒருமுறை கடந்து போவது) பதினொன்றரை நிமிடம். 10 டிகிரிக்கு மேல் மட்டும் என்றால் ஏழரைதான். எவ்வளவு டேட்டா இறக்கலாம் என்பதை இந்த ஏழரையை வைத்தே திட்டமிடுங்கள். கோளின் வேகத்தால் வரும் டாப்ளர் விளைவால் அதிர்வெண் 10 கிலோஹெர்ட்ஸ் வரை மேலும் கீழும் நகரும், அதையும் திருத்த வேண்டும்.

ஒருமுறை எனக்குக் கணக்கு சரியாகவே இருந்தது, பாக்கெட்டுகள் மட்டும் 25 டிகிரிக்கு மேல்தான் டீகோட் ஆயின. ஆன்டெனாவுக்கும் ரிசீவருக்கும் நடுவே 20 மீட்டர் ஒல்லி கேபிள் ஓடியதை, அதில் சிக்னல் பலம் குறைவதை, நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பை ரிசீவர் பக்கத்திலிருந்து கழற்றி, கேபிளுக்கு முன்பே பெருக்கும்படி ஆன்டெனாவின் அடியில் மாட்டினேன். அடுத்த பாஸில் 11 டிகிரியிலேயே முதல் பாக்கெட் வந்தது.