தார்ப்பாய் போடுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் ஊர்ப் பக்கம் எங்கள் வீடு. முன்பகுதி கான்கிரீட், பின்னால் அடுக்களையும் ஓர் அறையும் பழைய ஓட்டுக்கூரை. போன வாரக் காற்றில் பக்கத்து விளையில் (தோட்டத்தில்) நின்ற அயனி மரம் முறிந்து அடுக்களைக் கூரைமேல் விழுந்துவிட்டது. மதிலும் இடிந்துவிட்டது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். வீட்டுக் கடனோடு காப்பீடும் இருக்கிறது என்று வங்கியில் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையே ஒருவர் தேடி வந்து, "கம்பெனி ஆள் வந்து பார்க்கும்வரை ஓட்டுத்துண்டைக்கூட நகர்த்தாதீர்கள். படிவங்களில் கையெழுத்து மட்டும் போடுங்கள், 3 லட்சம் வாங்கித் தருகிறேன், எனக்கு 20 சதவீதம்" என்கிறார். மழை விடவில்லை. என்ன செய்வது?

பதில்: இன்றைக்கே தார்ப்பாய் போட்டு மூடுங்கள், அம்மா. யாரையும் கேட்க வேண்டியதில்லை. சேதம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது பாலிசிதாரரின் கடமை என்றே பாலிசியில் எழுதியிருக்கும். பத்து நாள் மழையில் திறந்து கிடந்து அடுக்களைச் சுவர் ஊறிச் சரிந்தால், "இது காற்றால் வந்த சேதம் இல்லை, நீங்கள் மூடாமல் விட்டதால் வந்தது" என்று சொல்லக் கம்பெனிக்கு வாய்ப்புக் கிடைக்கும். அந்த ஆள் சொன்னபடி நடந்தால் இழப்பு உங்களுக்குத்தான்.

தார்ப்பாய்க்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. மெயின் சுவிட்சை அணையுங்கள். பிறகு படம் எடுங்கள். பலர் உடைந்த ஓட்டை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புவார்கள். அது யார் வீட்டு ஓடு என்று யாருக்குத் தெரியும்? தெருவில் நின்று வீடு முழுவதும் தெரிய ஒன்று, மரமும் கூரையும் ஒரே படத்தில் வர ஒன்று, முறிந்த அடிமரம் ஒன்று, அடுக்களைக்குள்ளிருந்து மேலே பார்த்து ஒன்று, விழுந்த மதிலின் முழு நீளத்துக்கு ஒன்று. எடுத்தவுடனே மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

கூரையைத் தாங்கும் கைமரத்தின் முறிந்த துண்டுகளையும் உடைந்த ஓடுகளையும் ஓரமாகக் குவித்து வையுங்கள், அப்புறப்படுத்திவிடாதீர்கள். நம் மாவட்டத்தில் காப்பீட்டுக்காரர் வருமுன் தடி (வெட்டுமரம்) வாங்கும் வியாபாரி வந்துவிடுவார். அயனித் தடிக்கு அவ்வளவு மதிப்பு. மரம் பக்கத்து வீட்டாருடையது, விற்பதும் அவர்கள் பாடு. படம் எடுத்த பிறகு கொண்டுபோகட்டும். தார்ப்பாய் வாங்கிய ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மரம் வெட்டுபவர் ரசீது தரமாட்டார். ஒரு தாளில் தேதி, செய்த வேலை, கூலி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தத் தாளும் ஆதாரம்தான்.

அடுத்தது வங்கி. "கடனோடு காப்பீடும் இருக்கிறது" என்ற சொல்லை நம்பி எத்தனையோ பேர் ஏமாந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பல சமயம் அது வீட்டின்மேல் எடுத்த காப்பீடே அல்ல. கடன் வாங்கியவரின் உயிர்மேல் எடுத்தது. அவர் இறந்தால் கடன் அடையும். கூரை பறந்தால் ஒரு ரூபாய் வராது. வங்கிக்குப் போய் பாலிசியின் நகலைக் கேளுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். 2021 ஏப்ரல் முதல் வீடுகளுக்கென்று எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் தரவேண்டிய பாலிசியின் பெயர் 'பாரத் கிருஹ ரக்ஷா'. அந்தப் பெயர் இருந்தால் புயலும் வெள்ளமும் அதில் அடங்கும். மதில், கேட், தண்ணீர்த் தொட்டி, சூரிய மின்தகடு எல்லாம் கட்டடத்தோடு சேரும். ஆகவே மதிலை மறக்காமல் எழுதுங்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சத்துக்கு மேற்படாமல், வீட்டுப் பொருள்களுக்கும் காப்பீடு உண்டு. நசுங்கிய மிக்ஸியும் கிரைண்டரும் அந்தக் கணக்கில் வரும். கடன் பாக்கி இருந்தால் பணம் வங்கிக்குப் போக இடமுண்டு. பழுது பார்க்க அதை விடுவிக்கும்படி இப்போதே மனு கொடுத்து வையுங்கள். இடிந்த ஓட்டுக்கூரைக்குப் பதிலாக கான்கிரீட் போட நினைத்தால், கூடுதல் செலவு உங்களுடையது.

நீங்கள் கேட்காத ஒன்றைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேண்டும், ஏனென்றால் ஓட்டு வீட்டுக்காரர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையும் மாறிமாறி நனைக்கும் ஊர் இது. கைமரத்தில் கறையான் ஏறியிருக்கும், ரீப்பர் கட்டை மக்கியிருக்கும். மதிப்பிட வருபவர் ஒரு சாவியால் குத்திப் பார்ப்பார். (சர்வேயர் என்பார்கள், நிலம் அளக்கும் சர்வேயர் வேறு, இவர் வேறு.) மரம் பொடிந்தால், "பழுதாகிக் கிடந்த கூரை" என்று எழுதுவார். நாள்பட்ட தேய்மானத்துக்கும் ஒழுகலுக்கும் காப்பீடு கிடையாது என்பது உண்மை. ஆனால் உங்கள் கூரை மக்கியதால் விழவில்லை, மேலே ஒரு மரம் விழுந்ததால் விழுந்தது. காரணம் எது என்பதே கேள்வி. புதுக் கைமரமாக இருந்தாலும் அந்த அயனி அதை முறித்திருக்கும் அல்லவா? மக்கிய கட்டைகளின் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அது நியாயம். முழுக் கோரிக்கையையும் தள்ளுவது நியாயமில்லை. மரம் தொடாத அறையில் பழைய ஒழுகல் இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு பொய் பிடிபட்டால் ஒன்பது உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

இனி அந்த ஆள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு மின்சாரம் வர நாள்கணக்கானது. இப்படிப்பட்ட ஆள்கள் வர ஒரு நாள்கூட ஆகவில்லை. அப்போது நான் மதிப்பீட்டு வேலையில் இருந்தேன். ஒரு தெருவில் ஏழெட்டு வீட்டுக்காரர்கள் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டு ஒரே மனிதரிடம் கொடுத்திருந்தார்கள். ஏழெட்டுப் படிவத்திலும் ஒரே ஆள் எழுதிய ஒரே சேதம், ஒரே கடையின் ரசீது. நூறு சதுர அடிக் கூரைக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஓடு போதும். அந்த ரசீதில் ஆயிரம் ஓடு! அளவுநாடா கொண்டுவரும் ஒருவருக்கு இது தெரியாமல் போகுமா? போலி ரசீது வைத்தால் உண்மையான சேதத்துக்கும் பணம் மறுக்கப் பாலிசியில் இடமுண்டு. மறுக்கப்படும்போது படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து. அந்த ஆள் அடுத்த புயலுக்காகக் காத்திருப்பார்.

3 லட்சத்தில் 20 சதவீதம் 60,000 ரூபாய். அதற்கு அவர் செய்யப்போகும் வேலை என்ன? கம்பெனியின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைப்பது. அதை உங்கள் மகன் வெளிநாட்டிலிருந்தே மின்னஞ்சலில் செய்துவிடலாம். மதிப்பீட்டாளரின் கட்டணத்தைக் கம்பெனி கொடுக்கிறது. "பெட்ரோல் காசு" என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பாலிசியின் மூலப்பிரதி, ஆதார் நகல், வங்கிக் கணக்கின் ரத்துசெய்த காசோலை எதையும் அவரிடம் விடாதீர்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால், அந்தப் படிவம் செல்லாது என்று இன்றே கம்பெனிக்கு எழுதிவிடுங்கள்.

பக்கத்து வீட்டாரோடு சண்டை வேண்டாம். மரம் சாயும் நிலையில் இருந்தும் சொல்லிக் கேட்கவில்லை என்று நிரூபிக்க முடிந்தாலன்றி அவர்களிடம் நஷ்டஈடு பெறுவது கடினம். உங்கள் பாலிசிக்கு மரம் யாருடையது என்பது பொருட்டல்ல.

அரசு நிவாரணம் தனி. கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுங்கள். பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிப்படி, குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த கல்வீட்டுக்கு 6,500 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். அந்தத் தொகைக்கு இன்று எத்தனை ஓடு வரும், தச்சருக்கு எத்தனை நாள் கூலி வரும் என்று விதி எழுதியவர்கள் கணக்குப் பார்த்தார்களா தெரியவில்லை. இருந்தாலும் மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். புயல் அடித்ததற்குச் சான்று கொண்டுவா என்று கம்பெனி கேட்கும்; அப்படிச் சான்று தர எனக்கு அதிகாரமில்லை என்று அலுவலர் சொல்வார். மாவட்டமே இருட்டில் கிடந்த நாளுக்கு ஒரு முத்திரை தேடி மூத்தவர்கள் நனைந்துகொண்டு அலைவதை எத்தனை ஆண்டுகளாகப் பார்க்கிறேன்! மரம் கூரைமேல் கிடக்கும் படமும் அன்றைய நாளிதழின் உள்ளூர்ப் பக்கமும் போதும் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் எழுத்தில் கேட்கட்டும்.

தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் மதிப்பீட்டாளரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை வரவேண்டும் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. புயலுக்குப் பின் அந்த வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் உங்கள் கோரிக்கையின் பதிவு எண்ணை வாங்கி, மூன்று நாளுக்கு ஒருமுறை எழுதிக் கேளுங்கள். மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தொகை குறைவென்று தோன்றினால் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், தபாலிலேயே அனுப்பலாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்த் தொலைபேசி எண் 155255.

மரம் வெட்ட வருபவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: பக்கத்து விளையில் நிற்கும் முறிந்த அடிமரத்தை மட்டும் மதிப்பீட்டாளர் வந்து போகும்வரை வெட்ட வேண்டாம்.