பதில்: டெர்பிக்குப் பிறகு பேசாத அறைத்தோழர்

டெர்பி முடிந்ததிலிருந்து அறைத்தோழர் உங்களோடு பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கொல்கத்தாவின் இரண்டு பரம எதிரி கால்பந்து கிளப்கள் மோதும் ஆட்டம்தான் டெர்பி: நீங்கள் மோகன் பகான் ரசிகர், அவர் ஈஸ்ட் பெங்கால் ரசிகர். ஜெயித்த ராத்திரி இறால் வாங்கி வந்து வெறுப்பேற்றியதில் தப்பே இல்லை. அவர்கள் ஜெயித்தால் ஹில்சா மீன், நீங்கள் ஜெயித்தால் இறால். கொல்கத்தாவில் காலங்காலமாக நடக்கிற கிண்டல்தான் அது. கூடவே சொன்னீர்களே, “அகதிக் கூட்டம்” என்று, அதுதான் சுட்டிருக்கிறது. 1947 பிரிவினையில் கிழக்கு வங்கத்தில் (இன்றைய வங்கதேசம்) வீடு, நிலம் எல்லாம் விட்டு வந்த குடும்பங்கள் தங்கள் ஊர்ப் பெயரைக் கண்டு ஒட்டிக்கொண்ட கிளப் அது. அவருடைய தாத்தாவும் அப்படி வந்தவராக இருக்கலாம்.

“சும்மா சொன்னேன்” என்று இழுக்காமல் நேராக மன்னிப்புக் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் டெர்பி ரத்தானபோது, கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட பெண் மருத்துவருக்கு நீதி கேட்டு இரு தரப்பு ரசிகர்களும் சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே சேர்ந்தே நின்றார்கள். உங்கள் சண்டை அதற்கு முன் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒரு ஹில்சா வாங்கிக் கொடுங்கள், விலை கொஞ்சம் கடிக்கும்.