சலாது நாற்று: தும்புத்தூளில் வெளிறுகிறது, கோழி எருவில் கருகுகிறது

கேள்வி: ஐயா, சலாது விதையை இரண்டு நாற்றுத் தட்டுகளில் போட்டேன். ஒன்றில் வெறும் தும்புத்தூள். மற்றதில் தும்புத்தூளும் கோழி எருவும் பாதிக்குப் பாதி. முதலாவதில் எல்லாம் முளைத்தது. ஆனால் இரண்டு கிழமையாகியும் இலை வெளிறி, பெருக்காமல் நிற்கிறது. மற்றதில் பாதிதான் முளைத்தது, அதுவும் இலை நுனி கருகிச் சாகிறது. யூரியா போடலாமா? (விசுவமடு விவசாயி ஒருவர்)

பதில்: தம்பி, யூரியாவைத் தொடவேண்டாம். முதல் தட்டு நாற்று பசியில் கிடக்கிறது, மற்றது உப்பில் எரிகிறது.

தும்புத்தூள் ஈரத்தைப் பிடிக்கும், வேருக்குக் காற்றும் விடும். ஆனால் அதில் நைதரசன் இல்லையென்றே சொல்லலாம். சலாது விதையோ மிகச் சிறியது. அதற்குள் இருக்கும் உணவு வித்திலை விரியுமட்டும்தான் காணும்.

கோழி எருத் தட்டை மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் பாருங்கள். மூத்திர நெடி அடித்தால் எரு உக்கவில்லை. அந்த அமோனியாவும் எருவிலுள்ள உப்பும் இளவேரைச் சுட்டுவிடும். சலாது உப்பைத் தாங்காத பயிர். உங்கள் கிணற்று நீரும் உவர் என்றால் சொல்லவே வேண்டாம். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்து நாற்றுக்கு ஊற்றுங்கள்.

சரி, முதல் தட்டைக் காப்பாற்றலாம். நீரில் கரையும் கலப்புப் பசளையான அல்பேட் பசளையை 1 லீற்றர் நீருக்கு அரைக் கிராம் கரைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் விடுங்கள். புது இலை பச்சையாக வந்த பிறகு 1 கிராமாக்கலாம். மற்றத் தட்டுக் கலவையை எருக்குவியலில் கொட்டி உக்க விடுங்கள்.

அடுத்த முறை தும்புத்தூளை, வடியும் நீரின் கபில நிறம் தெளியும்வரை கழுவுங்கள். அதில் இரண்டு பங்குக்கு, நன்றாக உக்கி மண்வாசனை வரும் மாட்டெரு ஒரு பங்கை அரித்துச் சேருங்கள். உமிக்கரி அரைப் பங்குக்கு மேல் வேண்டாம், அது காரத்தன்மையைக் கூட்டும். திரவப் பசளையை, வித்திலைக்கு அடுத்து வரும் முதல் உண்மையிலை வந்த பின்புதான் தொடங்கவேண்டும்.

இன்னொன்று, வன்னி வெயில். கலவை 30 பாகைக்கு மேல் சூடானால் சலாது விதை முளைக்காமல் உறங்கிவிடும். விதையை ஆழப் புதைக்காமல் மெல்லத் தூவி மூடி, முளைக்கும்வரை வேப்பமர நிழலில் வையுங்கள். முளை தெரிந்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் தண்டு நூலாக நீண்டு சாய்ந்துவிடும். நாலைந்து இலையோடு வேர் கலவையைப் பிடித்துக் கட்டியாகக் கழன்று வரும்போது நடலாம்.