600 மீட்டர் ஓட்டத்தில் எல்லோருக்கும் 10 விநாடி கூடுவது ஏன்?

பள்ளி உடல்திறன் சோதனையின் 600 மீட்டர் ஓட்டத்தில், சென்ற ஆண்டைவிட இந்த ஆண்டு எல்லோருக்கும் 10 விநாடி கூடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளின் உடல்திறன் குறையவில்லை. அவர்கள் ஓடிய தூரம்தான் கூடியிருக்கிறது. சென்ற ஆண்டு 200 மீட்டர் தடத்தில் மூன்று சுற்று ஓடியவர்களை, இந்த ஆண்டு காரைக்குடிப் பக்கத்துப் புதிய திடலில், 40க்கு 20 மீட்டர் செவ்வகத்தின் மூலைகளில் முளையடித்து ஐந்து சுற்று ஓடவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள்.

கூட்டமாக ஓடும் பிள்ளைகள் கோட்டுக்கு ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால், சுற்றுக்கு ஏறத்தாழ 6 மீட்டர் வீதம், மொத்தம் 31 மீட்டர் கூடிவிடும். 3 நிமிடத்தில் ஓடி முடிக்கும் பிள்ளைக்கு அதுவே 9 விநாடிக்கு மேல். இருபது முறை மூலை திரும்புகையில் வேகம் அறுபடுவதும், சரளை கலந்த செம்மண்ணில் கால் வழுக்குவதும் தனி.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. காலையில் செம்மண்ணில் லேசாகத் தண்ணீர் தெளித்து நான்கு பேரை ஒரு சுற்று ஓடச் சொல்லுங்கள்; காலடித் தடம் தெளிவாகப் பதியும். சைக்கிள் சக்கரத்தில் ஒரு துணியைக் கட்டி, அத்தடத்தின் மேலேயே உருட்டிச் சுற்றுகளை எண்ணி, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். ஒரு சுற்றுக்குரிய 120 மீட்டருக்கு மேல் வந்தால் காரணம் உறுதி. பிறகு மூலைகளை வளைவாக்கி, சுண்ணாம்புக் கோட்டுக்குச் சற்று வெளியே, பிள்ளைகள் உண்மையில் ஓடும் பாதையிலேயே அளந்து குறியிடுங்கள்.

ஆனால், பதிவேட்டில் எல்லோருக்கும் 10 விநாடியைக் கழித்து எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தள்ளி ஓடிய அளவு வேறு. மறுபடியும்தான் ஓடவிட வேண்டும், அதுவும் வெயில் ஏறுவதற்கு முன். மூச்சிழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளையை ஒருபோதும் விரட்டாதீர்கள். இந்தச் சோதனையில் நடந்து முடிக்கவும் இடமுண்டு.