50 லட்சம் தீர்ந்த பிறகு?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 4 வயது. வயிறு வீங்கிக்கொண்டே போய், கடைசியில் கௌச்சர் என்ற அரிய பரம்பரை நோய் என்று சொல்லிவிட்டார்கள். ஆயுசு முழுக்க மருந்து ஏற்ற வேண்டுமாம். அரசாங்கம் 50 லட்சம் தருமாமே, தர்மபுரிக்காரர்களான எங்களுக்கு பெங்களூரில் கிடைக்குமா? அக்கா இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள், அந்தப் பயம் வேறு.
- வாசகி, அல்சூர்

பதில்: முதலில் அக்காவைப் பற்றி, ஏனென்றால் அதற்குத்தான் அவகாசம் குறைவு. இந்த நோய் அப்பா, அம்மா இரண்டு பேரிடமிருந்தும் வருவது, அதனால் வீட்டில் யாரும் அக்காவை மட்டும் குறை சொல்ல இடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. பையனின் மரபணுவில் எங்கே கோளாறு என்று தெரிந்திருந்தால், 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடியில் துளி எடுத்துப் பார்த்துவிடலாம். ஸ்கேன் சென்டர் போர்டைப் பார்த்து, கருவைச் சோதிப்பதே குற்றம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். 1994 சட்டம் தடுப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத்தான். பரம்பரை நோய்க்கான சோதனையைப் பதிவு பெற்ற இடத்தில் செய்ய அதே சட்டம் அனுமதிக்கிறது. இந்த வாரமே போங்கள்.

சரி, பணம். 2021-இல் வந்த அரிய நோய்க் கொள்கை மத்திய அரசுடையது, எந்த மாநிலத்துக்காரரும் அது அங்கீகரித்த எந்த மையத்திலும் சிகிச்சை பெறலாம். பெங்களூரில் மனித மரபியல் மையமும் நிம்ஹான்ஸ் பக்கத்திலுள்ள இந்திரா காந்தி குழந்தைகள் மருத்துவமனையும் சேர்ந்து அந்தப் பொறுப்பில் இருக்கின்றன. பணம் உங்கள் கைக்கு வராது, மையத்துக்குப் போகும்.

ஆனால் 2022-இல் உயர்த்திய இந்த 50 லட்சம் வருஷத்துக்கு இவ்வளவு என்பதல்ல, மொத்தமே அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றும் மருந்து, உடல் எடையை வைத்து அளவு, பையன் வளர வளரச் செலவும் ஏறும், அப்புறம் ஒருநாள் கணக்கு முடிந்துவிட்டது என்று சொன்னால் அந்தத் தாய் எங்கே போவாள்? ஆயுளுக்கும் தேவைப்படும் மருந்துக்கு ஒரே தடவை வரம்பு வைத்தது பெரிய தவறு, இதை வருடாந்திர உதவியாக மாற்றியே ஆக வேண்டும். அது வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், மருந்துக் கம்பெனிகளின் இலவச மருந்துத் திட்டங்களுக்கு டாக்டர் மூலம் இப்போதே எழுதிப் போடுங்கள், 50 லட்சம் கரைகிற வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள்.