கலவாய்தான், ஆனால் எந்தக் கலவாய்?

பாலமீன்மடு முகத்துவாரத்தில் தூண்டிலில் பட்ட இரண்டு கிலோ மீனைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் கல்லடி வாசகர் ஒருவர். சந்தையில் ஒருவர் கலவாய் என்றாராம், இன்னொருவர் கொடுவா என்றாராம். எது சரி, கலவாய் என்றால் எந்த இனம் என்பது அவர் கேள்வி.

கொடுவா இல்லை. கொடுவாவின் முதுகுச் செட்டையில் நடுவே ஆழமாக வெட்டு விழுந்து, இரண்டு செட்டை போலத் தெரியும். உங்கள் மீனில் அது ஒரே தொடராக ஓடுகிறது. பூவை, அதாவது செவுளை, மூடியிருக்கும் தட்டின் பின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையான மூன்று முட்கள் விரலில் தட்டுப்படும். கலவாய்க் குடும்பம்தான்.

அடுத்தது முதுகு முட்களை எண்ணுவது. முதல் முள் குட்டை. அதை விட்டுவிட்டு எண்ணிப் பத்து என்பவர்கள் உண்டு. உங்கள் படத்தில் பதினொன்று தெளிவாக இருக்கிறது, வாலும் வட்டம். ஆகவே கலவாய்க் குடும்பத்தில் எபினெஃபெலஸ் என்ற பேரினம். ஒன்பது முள் என்றால் செஃபலோஃபோலிஸ் என்ற இன்னொரு பேரினத்தின் பக்கம் போயிருப்போம்.

சிக்கல் இனிமேல்தான். புள்ளி போட்ட கலவாய்கள் பல, சந்தையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். புள்ளியின் நிறத்தைப் பாருங்கள். உங்கள் மீனின் தலையிலும் உடம்பிலும் இருப்பவை செங்கல் தூளைத் தெளித்தது போன்ற செம்மஞ்சள் புள்ளிகள். மலபார் கலவாய்க்குப் புள்ளி கரும்பழுப்பு. அவற்றுக்கிடையே வெளிறிய பெரிய திட்டுகளும் சிதறிக் கிடக்கும். இதில் அந்தத் திட்டு ஒன்றுகூட இல்லை. டௌவினா என்ற இனத்துக்கும் செம்மஞ்சள் சாயலில் புள்ளி வரும். ஆனால் அது பவளப்பாறை மீன், முதுகு முட்களில் கடைசி நான்கின் அடியில் பெரும்பாலும் ஒரு கரும் திட்டு இருக்கும். உங்கள் மீனில் அந்த இடம் வெறுமை.

ஆக, இது செம்மஞ்சள் புள்ளிக் கலவாய், எபினெஃபெலஸ் கோயோயிடிஸ். இதன் குஞ்சுகள் கழிமுக உவர்நீரில் வளர்பவை, ஆகவே முகத்துவாரத்தில் கிடைத்ததில் வியப்பில்லை. உடம்பில் சரிவாக இறங்கிக் கீழே கவராகப் பிரியும் ஐந்து மங்கல் பட்டைகளும் இதற்கு உண்டு. படத்தில் அவை சரியாகத் தெரியவில்லை. ஐஸில் ஓர் இரவு கிடந்த மீனில் நிறம் அப்படித்தான் மங்கும். அடுத்த முறை தூண்டிலைக் கழற்றியதுமே, முதுகுச் செட்டையை விரித்துப் பிடித்து ஒரு படம் எடுங்கள்.